கடப்படியில் ஒரு சாமி

மாமாங்கேசுவரர் கோயில் மடம்,
மட்டக்களப்பு.
20.6.1964

அன்னப்பூரணியின் அப்பாவுக்குச் சீதேவிப்பிள்ளை எழுதுவது.

இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நீங்கள் வயல் வட்டையில் காவல் பரணை விட்டு வீட்டுக்கு வந்து, என்னைக் காணாமல் கிணற்றடி, மாட்டுப்பட்டி எல்லாம் தேடி, அயலுக்குள் விசாரித்து, ஏற வேண்டிய கோபமெல்லாம் ஏறி முடிந்திருக்கும். அதனால் பயமில்லாமல் எழுதுகிறேன். நான் கதிர்காமத்துக்கு நடக்கிறேன். முன்கூட்டிக் கேட்டிருந்தால் நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள். கேட்காமல் போனால் விட மாட்டேன் என்று சொல்ல ஆள் இல்லை. வியாழக்கிழமை விடியும் வெள்ளாப்பில் இலட்சுமிப்பிள்ளை அக்காவின் கூட்டத்தோடு கிளம்பிவிட்டேன். பதினொரு பேர் நடக்கிறோம்.

இலட்சுமிப்பிள்ளை அக்காவை உங்களுக்குத் தெரியும். சந்தையில் மீன் விற்றவள்தானே என்று சொல்வீர்கள். ஓம், அவள்தான். மீன் விற்ற குரலில் அரோகரா சொன்னால் ஏறாவூர் வரைக்கும் கேட்கிறது. நேற்று எங்கள் எல்லாரையும் இருத்தி வைத்துச் சட்டம் சொன்னாள்.

"இஞ்ச பாருங்க கா. வீட்டுக் கடப்பத் தாண்டின உடனே ஊரும் பேரும் உறவும் அங்கயே நிண்டிரும். இனி எல்லாரும் சாமிதான். வாகனம் ஏறப்படாது. கூப்பிட்டுச் சோறு போட்டா, ஆர்ர வீடு எண்டு பாத்து விலக்கப்படாது. விலக்கினா நடந்த நடை முழுக்க வீண்."

நான் தலையாட்டினேன். ஆனால் பிறத்தியார் வீட்டில் கை நனைத்துப் பழக்கமில்லாதவள்தானே நான். ஏறாவூரில் தேநீர்க் கடை வைத்திருக்கும் மீராசாஹிப் என்பவர் எங்களைக் கண்டதும் கேத்தலை இறக்கி, பதினொரு பேருக்கும் கருப்பட்டியோடு தேநீர் தந்தார். எனக்கு வாங்கக் கூச்சமாக இருந்தது. "சாமி, கோப்பை சுடுதா?" என்று கேட்டார். என்னைத்தான் சாமி என்கிறார் என்று விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

இனி வீட்டு விஷயம். ஊறுகாய்ச் சாடி அடுக்களை மூலையில் இருக்கிறது. கறுப்பிப் பசு உதைக்கும், பின்பக்கம் போக வேண்டாம். ஆனி முடிவதற்குள் முல்லைத்தீவுப் பக்கத்துச் சாமிமார் நம்முடைய வேலி வாசல் கடப்படிக்கு வருவார்கள். வருடா வருடம் நான் சமைத்துப் போட்டேன். இந்த முறை நீங்கள் போட வேண்டும். பசியோடு அனுப்பிவிடாதீர்கள்.

பதில் எழுத மனம் வந்தால் பெரியகல்லாறு தபாற்கந்தோருக்கு எழுதுங்கள். கேட்டு வாங்கிக்கொள்வேன்.

சீதேவி


கிரான்.
23.6.1964

சீதேவிப்பிள்ளைக்கு,

நான் சுகமாக இல்லை. கறுப்பி உதைத்துவிட்டது. பின்பக்கம் போக வேண்டாம் என்று நீ எழுதிய கடிதம் அது உதைத்த மறுநாள்தான் வந்தது.

முதலாவது, எனக்குப் பேர் சீனித்தம்பி. உறையின் மேல் 'அன்னப்பூரணியின் அப்பா' என்று எழுதியிருக்கிறாய். தபால்காரன் அதைக் கடைவாசலில் நின்று உரக்க வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பேரை இந்த வளவுக்குள் சொல்லக் கூடாது என்று மூன்று வருடமாக இருக்கிறது. அதைத் தபாலில் அனுப்புகிறாய்!

இரண்டாவது, நீ எதற்காக நடக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போன மாரியில் புடையன் பாம்பு கடித்து நான் பிழைத்தேனே, அந்த நேர்த்திக்குத்தான். விதானையாரும் அதையேதான் சொன்னார். அதைக் கேட்டதும் பாதிக் கோபம் போய்விட்டது. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம். ஆனால் உன் இடது முழங்காலுக்கு அது தெரியாது. கோயில் வீதியைச் சுற்றிவந்தாலே இரண்டு நாள் படுப்பாய். நீ கல்லாறு தாண்ட மாட்டாய். தாண்டினால் என் மீசையை எடுக்கிறேன், எழுதி வைத்துக்கொள்.

மூன்றாவதுதான் முக்கியம். உங்கள் வழி கோமாரியால் போகிறது. அந்த ஓவசியரின் குவாட்டர்ஸ் றோட்டோரத்தில்தான் இருக்கிறதாம். நம்முடைய ஊருக்கு றோட்டுப் போட வந்த வேதக்காரப் பொடியன், என் தங்கச்சி மகனுக்குப் பேசி வைத்த நம் பெட்டையைக் கூட்டிக்கொண்டு போன பத்தாம் நாள், பிள்ளையார் கோயிலில் நாம் இரண்டு பேரும் என்ன செய்தோம்? 'சீனித்தம்பியும் சீனித்தம்பியின் பெண்சாதியும் அந்த வீட்டில் ஒரு மிடறு தண்ணீரும் குடிக்க மாட்டோம்' என்று சத்தியம் சொல்லிக் கற்பூரம் அணைத்தோம். அணைத்தது உன் கை. அந்த வீடு வரும்போது றோட்டின் மற்றப் பக்கத்தால் நட.

சமையல் ஒன்றும் பெரிய வேலையில்லை. சாமிமாருக்கு நான் போடுவேன்.

சீனித்தம்பி


மருதமுனை.
27.6.1964

அன்னப்பூரணியின் அப்பாவுக்கு,

கல்லாறு தாண்டி நாலு மைல் கட்டை வந்துவிட்டேன். மீசைக்கு நல்ல சவரக்கத்தியாகப் பாருங்கள்.

ஆனால் நீங்கள் சொன்னது பாதி சரி. கல்லாற்றில் முழங்கால் பானை போல் வீங்கி, தபாற்கந்தோர்ப் படியில் உங்கள் கடிதத்தோடு உட்கார்ந்தவள் எழும்ப முடியாமல் போனேன். அப்போது குடையும் கையுமாக ஒரு அம்மா வந்தார். ஞானமலர் ரீச்சராம், மெதடிஸ்த ஆள். என்னைப் பார்த்த பார்வையில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பிழைத்தது போல் பயம் வந்தது.

"இந்தக் காலோட நூறு கட்டைக்கு மேல நடந்து வரச் சொல்லி எந்தக் கடவுள் கேட்டவர்? அவருக்கு மனிசரப் பத்தித் தெரியாதா?" என்று ஏசினார். ஏசிக்கொண்டே என்னைத் தூக்கி, தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், ஏசிக்கொண்டே வெந்நீர் ஒற்றடம் கொடுத்து, ஏசிக்கொண்டே தன்னுடைய நல்ல வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கிழித்துக் கட்டுப் போட்டார். இரண்டு நாள் என்னை எழும்ப விடவில்லை. கூட்டமும் எனக்காகக் கோயிலடியில் காத்திருந்தது. மூன்றாம் நாள் கிளம்பும்போது, நான் திரும்பி வரும் வரைக்கும் தன் ஆண்டவரிடம் என் முழங்காலுக்காகக் கேட்பதாகச் சொன்னார். "ரெண்டு பேரும் சேந்து பாக்கட்டும்" என்றார். நான் அழுதுவிட்டேன். கூடப் பிறந்தவள்கூட எனக்கு ஒரு விரிப்பைக் கிழித்ததில்லை.

மருதமுனையில் தறிச் சத்தம் தெருவெல்லாம் கேட்கிறது. மத்தியானம் ஒரு வளவின் வாசலில் சித்தி நபீஸா என்ற பெண் எங்களை மறித்தாள். புதுப் பானை, அரிசி, தேங்காய், கத்தரிக்காய் எல்லாம் ஒரு சுளகில் வைத்திருந்தாள்.

"நாங்க சமைச்சதத் தின்னமாட்டீங்களெண்டு பச்சையா வச்சிருக்கன் சாமி. அடுப்பும் புதுசாப் போட்டிருக்கன். நீங்களே ஆக்கித் தின்னுங்க."

இலட்சுமிப்பிள்ளை அக்கா சுளகைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள், எங்கள் கால்களைப் பார்த்தாள். "தாயே, சாமிக்கு வீடு பாக்கிற கண் இல்ல. வயிறுதான் கிடக்கு. நீங்க ஆக்கினதக் கொண்டாங்க" என்றாள்.

அவ்வளவுதான், அந்தப் பெண் உள்ளே ஓடினாள் பாருங்கள்! "புள்ளையள், தின்னுவாங்களாம், தின்னுவாங்களாம்!" என்று கத்துகிறாள். மீன் புழங்கிய சட்டி எங்களுக்கு ஆகாது என்று அயல்வீட்டில் புதுச் சட்டி வாங்கி வந்து, குரக்கன் பிட்டும் தேங்காய்ப்பாலில் வைத்த வாழைக்காய்ப் பாலாணமும் கட்டித்தயிரும் தந்தாள். அந்தப் பாலாணத்தை நான் இந்தப் பிறவியில் மறக்க மாட்டேன். என் கையில் உள்ளதுதான் சமையல் என்று முப்பது வருடமாக நினைத்திருந்தேன்.

சாப்பிடும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. என்ன யோசனை என்று இப்போது எழுத மாட்டேன்.

திருக்கோவில் தபாற்கந்தோருக்கு எழுதுங்கள். கறுப்பியின் பின்பக்கம் போகாதீர்கள்.

சீதேவி


கிரான்.
1.7.1964

சீதேவிப்பிள்ளைக்கு,

சமையல் பெரிய வேலைதான்.

முந்தநாள் முல்லைத்தீவுச் சாமிமார் வந்தார்கள். ஒன்பது பேர். கடப்படியில் நின்று அரோகரா சொன்னபோது நான் வட்டையில் பன்றி விரட்டிவிட்டு அப்போதுதான் வந்து காலை நீட்டியிருந்தேன். அவர்களை இருத்திவிட்டு அடுப்பு மூட்டினேன். ஒன்பது பேருக்கு எவ்வளவு அரிசி என்று யாருக்குத் தெரியும்? பெரிய பானை நிறையப் போட்டேன். அது பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, அடுப்பை அணைத்தது. மறுபடி மூட்டினேன். இந்த முறை அணையவில்லை. அடி முழுக்கக் கரியாகிவிட்டது, மேலே அரிசியாகவே கிடந்தது. பருப்பைப் பற்றிக் கேட்காதே.

எனக்குச் சாகலாம் போல் இருந்தது. உன் கடப்படியில் வந்தவர்களுக்கு இப்படியா போடுவது? ஆனால் அவர்கள் ஒரு சொல் சொல்லவில்லை. எல்லாரும் தின்றார்கள். பல் இல்லாத ஒரு கிழவர் கரியைச் சுரண்டி எடுத்து, "இன்னும் கொஞ்சம் போடுங்கோ சாமி" என்று இலையை நீட்டினார். என்னைச் சாமி என்றார்! மனம் கேட்காமல் பக்கத்தில் குந்தி, "எந்த ஊர்?" என்று கேட்டேன். "ஊர் திரும்பி வரேக்கதான் ஞாபகம் வரும்" என்றார். பிறகு என் உதைபட்ட தொடையைக் கண்டு, தன் மடியில் இருந்த பச்சிலையைக் கசக்கி வைத்துக் கட்டிவிட்டார். நான் போட்டது கரி, எனக்குக் கிடைத்தது மருந்து. இப்போது வலி இல்லை.

அவரிடம் ஒரு போத்தல் வாதநாராயணி எண்ணெய் கொடுத்திருக்கிறேன். பொத்துவிலில் எல்லாக் கூட்டமும் காட்டுக்குள் இறங்க முன் தங்குமாம், அங்கே உன்னைத் தேடிக் கொடுப்பார். உனக்காக இல்லை. முழங்கால் உடைந்து வந்தால் நான்தானே தொடர்ந்து சமைக்க வேண்டும்.

மீசை விஷயம் பிறகு.

நீ என் உயிருக்காக நடக்கிறாய் என்று இப்போது ஊர் முழுக்கத் தெரியும். கடையில் எனக்கு முதல் கதிரை தருகிறார்கள்.

கோமாரியில் மற்றப் பக்கத்தால் நட.

சீனித்தம்பி


பொத்துவில்.
5.7.1964

அன்னப்பூரணியின் அப்பாவுக்கு,

இதை உட்கார்ந்து வாசியுங்கள்.

நேற்றுக் காலை கோமாரி வந்தது. ஓவசியர் குவாட்டர்ஸ் வாசலில் கிடுகால் ஒரு தண்ணீர்ப் பந்தல். மண்பானையில் தண்ணீர், மேலே எலுமிச்சம்பழம். ஒரு தட்டத்தில் விபூதி. அந்தத் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் தெரியுமா? வின்சன்ற். அந்த ஓவசியரேதான். கழுத்தில் சிலுவை, கையில் விபூதி. மூன்று வருடமாக ஆனி ஆடியில் இந்தப் பந்தலைப் போடுகிறானாம். கிரான் பக்கத்துக் கூட்டம் எது வந்தாலும் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பானாம்.

என்னைக் கண்டதும் உள்ளே பார்த்துப் பூரணியைக் கூப்பிட்டான். நான் றோட்டு நடுவில் நின்றேன். உங்கள் கடிதம் என் மடியில் இருந்தது. மற்றப் பக்கமும் இருந்தது, நல்ல நிழலாக.

அப்போது அவள் வெளியே வந்தாள். மெலிந்துவிட்டாள். சத்தியம் பண்ணியது அவளுக்கும் தெரியும். 'அம்மா' என்று கூப்பிட்டால் நான் படி ஏற முடியாது என்பதும் தெரியும். என் வயிற்றில் பிறந்தவள்தானே, மூளை இருக்காதா? பந்தலடிக்கு வந்து, கை கூப்பி, "வாங்க சாமி. வெயிலுக்க நிக்காதீங்க. வந்து சாப்பிட்டுப் போங்க" என்றாள்.

"சாமிக்குப் பசிக்குது மனே" என்றேன்.

மருதமுனையில் பாலாணம் தின்னும்போது எனக்கு வந்த யோசனை இதுதான். சத்தியம் பண்ணியது சீனித்தம்பியின் பெண்சாதி. கடப்பைத் தாண்டிய பிறகு நான் யாருக்கும் பெண்சாதி இல்லை. கூப்பிட்டுப் போடும் சோற்றை விலக்கினால் என் நடை வீண். நான் விலக்கவில்லை. தண்ணீர் குடித்தேன், சோறு தின்றேன், இரண்டாம் தரமும் வாங்கினேன். அவள் பரிமாறும்போது கண்ணீர் இலையில் விழுந்தது. உப்பு அளவாக இருந்தது என்று சொன்னேன், சிரித்தாள்.

பிறகு உள்ளே இருந்து ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். நாலு மாதம். உங்கள் மூக்கு. "பேர் என்ன தாயே?" என்று கேட்டேன். "இமெல்டா சீதேவி" என்றாள்.

இனி ஒன்றையும் மறைக்க மாட்டேன். பங்குனியில் வின்சன்ற் எனக்கு எழுதினான். பிள்ளை பிறந்து நாலு நாள், தாய் கண் திறக்கவில்லை, ஆசுபத்திரியில் கைவிட்டுவிட்டார்கள் என்று. அந்தக் கடிதத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். நீங்கள் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டீர்கள், நான் வாயில் சீலையை அடைத்துக்கொண்டு அழுதேன். தாயும் பிள்ளையும் பிழைத்தால் நடந்து வருகிறேன் கந்தா என்று நேர்ந்தேன். ஐந்தாம் நாள் கண் திறந்தாள். அதற்குத்தான் நடக்கிறேன். உங்கள் பாம்புக்கடிக்கு மாமாங்கத்தில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டேன், அதற்கு அது காணும்.

கோபிப்பீர்கள். கோபித்துவிட்டு எழுதுங்கள். இங்கே ஐந்தாறு நாள் நிற்போம்.

சீதேவி


கிரான்.
7.7.1964

சீதேவிப்பிள்ளைக்கு,

மீசையை எடுத்துவிட்டேன். அது சொன்ன சொல். சொன்ன சொல்லை நான் காப்பாற்றினேன்.

ஒரு தேங்காய்! ஊருக்கெல்லாம் நானே சொல்லித் திரிந்தேன். இனி எந்த முகத்தோடு அந்தக் கதிரையில் உட்காருவது? மீசையும் இல்லாத முகம்.

பிள்ளை சாகக் கிடந்ததை என்னிடம் சொல்லவில்லை. நான் என்ன கல்லா? எனக்குச் சொல்லியிருக்கலாம்.

கதிர்காமத்தில் இருந்து திரும்பி, நம்முடைய கடப்படியில் யாராக வந்து நிற்கப் போகிறாய் என்று யோசித்துக்கொள்.

சீனித்தம்பி


பொத்துவில்.
10.7.1964

அன்னப்பூரணியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் எண்ணெய்ப் போத்தலும் ஒரே நாளில் வந்தன. பல் இல்லாத கிழவர் கூட்டம் கூட்டமாகப் போய், "கிரானில கரிச்சோறு போட்ட சாமியின்ர ஆள் ஆர்?" என்று கேட்டுத் திரிந்தாராம். நான்தான் என்று கை தூக்கினேன். எல்லாரும் சிரித்தார்கள். எண்ணெய் பூசினேன். கால் இப்போது கன்றுக்குட்டி போல் நிற்கிறது.

சொல்லாதது என் பிழை. ஒத்துக்கொள்கிறேன். சொன்னால் நீங்கள் வெளியே கத்தி, உள்ளே உடைந்துபோவீர்கள் என்று பயந்தேன். உங்களைக் கல் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. கல்லுக்கு யார் பயப்படுவார்கள்?

யாராக வந்து நிற்பேன் என்று கேட்டீர்கள். சாமியாக நிற்பேன். கடப்படிக்கு வந்த சாமியை நீங்கள் வெறும் வயிற்றோடு திருப்ப மாட்டீர்கள் என்று இந்தக் கிழவர் சாட்சி சொல்கிறார்.

சத்தியம் பண்ணியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி வழி கண்டுபிடித்துவிட்டாள். மற்றவருக்கும் இரண்டு கால் இருக்கிறது, கறுப்பி உதைத்ததும் ஆறிவிட்டது.

நாளைக்குக் காட்டுக்குள் இறங்குகிறோம். இனிக் கதிர்காமம் போய்த்தான் தபால்.

சீதேவி


கோமாரி.
19.7.1964

கதிர்காமத்தில் நிற்கும் பெரிய சாமிக்கு,

மேலே ஊர்ப் பேரைப் பார்த்துவிட்டாய்தானே? சிரிக்கிற சிரிப்பைச் சிரித்து முடித்துவிட்டு வாசி.

வட்டையை நல்லரத்தினத்திடம் பாரம் கொடுத்தேன். கிரானில் இருந்து நடந்தேன் என்று எழுதத்தான் ஆசை. திருக்கோவில் மட்டும் பஸ். அங்கே கோயிலில் நெற்றி, நெஞ்சு, கை எல்லாம் விபூதி பூசி, ஒரு வேப்பங்கம்பு முறித்துக்கொண்டு பதினொரு கட்டை நடந்தேன். மூன்றாம் கட்டையில் உள்ளங்காலில் கொப்புளம். நீ எப்படி நடந்தாய்? உன்னை இனி முழங்கால் என்று நக்கலடிக்க மாட்டேன்.

வெயிலில் ஒரு மாட்டு வண்டி பின்னால் வந்தது. அசனார் என்று ஒரு ஆள், உப்பு மூட்டை ஏற்றி வந்தார். "ஏறுங்க சாமி" என்றார்.

"ஏறப்படாது" என்றேன். பஸ்ஸில் வந்ததைச் சொல்லவில்லை.

"அப்ப நான் இறங்கிறன்" என்று அந்த மனிசன் குதித்து, மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னோடு நடக்கத் தொடங்கினார். தனியாக நடந்தால் தூரம் கூடுமாம். அவருடைய ஊருக்குத் தாண்டியடியில் திரும்பிக் கிறுகவேண்டும். கிறுகவில்லை. கோமாரி வரைக்கும் வந்தார். தன்னுடைய இளநீரைப் பாதி தந்தார், செருப்பைக் கழற்றி வண்டியில் போட்டார், நான் வெறுங்காலாம் என்று. எனக்கு வாய் நிற்கவில்லை. முன்பின் தெரியாத மனிசனிடம் கற்பூரம், மூன்று வருடம், மீசை, தேங்காய் எல்லாம் கொட்டினேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "ஒரு பேத்தியப் பாக்கிறதுக்கா இவ்வளவு சாம்பல்?" என்றார். நடு றோட்டில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம்.

கடப்படியில் போய் நின்றேன். கம்பால் வேலியில் தட்டினேன். பூரணி வெளியே வந்து, என்னைப் பார்த்து, "வாங்க சாமி" என்று கை கூப்பினாள். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை! விபூதியும், மீசை இல்லாத மொட்டை முகமும். தண்ணீர்ச் செம்பை நீட்டும்போது என் கையில் அரிவாள் வெட்டின தழும்பைக் கண்டாள். செம்பு விழுந்தது. ஆனால் அவள் வாயில் இருந்து 'சாமி' தவிர ஒன்றும் வரவில்லை. உன்னைப் போல் கெட்டிக்காரி.

தின்றேன். பேத்தியைத் தூக்கினேன். உன் பேரை வைத்திருக்கிறார்கள், குரலும் அதேதான்.

பிறகுதான் சிக்கல். சாமி ஒரு வீட்டில் ஒரு நேரம் தின்றால் நடையைக் கட்ட வேண்டும், அதுதானே முறை? விபூதியைக் கழுவினால் நான் சீனித்தம்பி, தண்ணீர் குடிக்க முடியாது. கழுவாவிட்டால் தங்க முடியாது. பிள்ளையை விட்டு வர எனக்கு மனமில்லை. என்ன செய்வது? பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் படுத்தேன். விடிந்ததும் விபூதி பூசி, கம்பை எடுத்து, சந்தி வரைக்கும் நடந்து, திரும்பிப் புதுச் சாமியாகக் கடப்படியில் வந்து நின்றேன். மருமகன் தட்டத்தோடு வந்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "வாங்க சாமி, எந்த ஊர்ல இருந்து வாறீங்க?" என்று கேட்டார். "தூரத்தில இருந்து" என்றேன். மருமகன் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும், வெட்டவில்லை.

ஐந்து நாள் இப்படி. காலையில் ஒரு சாமி, மத்தியானம் ஒரு சாமி, பின்னேரம் ஒரு சாமி. கோமாரிச் சனம் வேலியோரம் வந்து நின்று பார்க்கிறது. பந்தலில் விபூதி முடிந்துவிட்டது, மருமகன் திருக்கோவிலுக்குச் சைக்கிளில் போய் வாங்கி வந்தார், ஒரு வேதக்காரன்!

ஆறாம் நாள் மத்தியானம், நேற்று, வழக்கம்போல் வந்து நின்று அரோகரா சொன்னேன். யாரும் வரவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். பூரணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கை கூப்பவில்லை.

"அப்பா, சோறு ஆறுது" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்குச் சாமி சாமி என்று கூப்பிட்டுக் களைத்துவிட்டது. எனக்கும் சந்திக்கு நடந்து களைத்துவிட்டது. கம்பை வேலியில் சாத்தினேன். கிணற்றடிக்குப் போய் விபூதி எல்லாம் கழுவினேன். சீனித்தம்பியாகவே உள்ளே போய், மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன். அழுதேன் சீதேவி. பிள்ளை என் மேலுதட்டைப் பிடித்து இழுத்தாள். மீசை இருந்திருந்தால் பிடிக்க வசதியாக இருந்திருக்கும்.

சத்தியத்தை உடைத்தது நான்தான், நீ இல்லை. பிள்ளையார் கேட்டால் நான் பதில் சொல்கிறேன். உனக்கு ஒரு வேலை. அன்றைக்குக் கற்பூரத்தை அணைக்க உன் கையைப் பிடித்து அமத்தியது நான். உள்ளங்கையில் பட்ட சூட்டை நீ யாருக்கும் காட்டவில்லை. எனக்குத் தெரியும். கதிர்காமத்தில் எனக்காக ஒரு கற்பூரம் கொளுத்து. இந்த முறை யாரும் அணைக்க வேண்டாம். தானாக எரிந்து முடியட்டும்.

அன்னப்பூரணியின் அப்பா


கதிர்காமம்.
25.7.1964

இமெல்டா சீதேவியின் அம்மப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபாற்கந்தோர் வாசலில் வாசித்தேன். இலட்சுமிப்பிள்ளை அக்கா பிடுங்கி, மீன் விற்ற குரலில் எல்லாருக்கும் வாசித்தாள். காலையில் ஒரு சாமி, மத்தியானம் ஒரு சாமி என்ற இடத்தில் பல் இல்லாத கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது, முள்ளியவளையாம். அடுத்த வருடம் கிரானுக்கு வருவாராம், ஆனால் சமையல் நான்தான் செய்ய வேண்டும் என்று கேட்டார்.

காட்டில் யானை கண்டோம், தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் போனோம். பாணமையில் ஒரு சிங்களப் பெண், எங்கள் பேச்சு அவளுக்கும் அவள் பேச்சு எங்களுக்கும் விளங்காமலே, எங்கள் ஒவ்வொருவர் மடியிலும் இரண்டு தேசிக்காய் கட்டிவிட்டாள். அந்தத் தண்ணீர் இல்லாத நாளில் அதன் புளிச் சாற்றைத்தான் சூப்பினோம். மற்றதெல்லாம் வந்து சொல்கிறேன்.

நேற்று உங்கள் கற்பூரத்தைக் கொளுத்தினேன். பெரிய கட்டியாக வாங்கினேன். ஆற்றங்கரையில் காற்று ஒரே அடியாக அடித்தது, இரண்டு தரம் அணையப் பார்த்தது. அன்றைக்கு அணைத்த அதே கையைக் குவித்துச் சுற்றிப் பிடித்தேன். சுட்டது. எடுக்கவில்லை. கடைசிப் பொட்டு எரிந்து முடியும் வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நடை முடிந்துவிட்டது, இனி நான் சாமி இல்லை. திங்கட்கிழமை கோமாரியில் பஸ்ஸால் இறங்குவேன். எனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் வைக்க வேண்டாம்.

சீதேவி